அடுப்பில்லாமல் ஜிஞ்சர்பிரெட் வீடு: 22 குழந்தைகள், ஒரு மணி நேரம், எப்படிச் செய்வது?

மரிக்கொழுந்து (நியூஜெர்சி):

எல்லாருக்கும் வணக்கம்.

பையன் முதல் வகுப்பில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வகுப்பில் ஆளுக்கொரு ஜிஞ்சர்பிரெட் வீடு (இஞ்சி மணக்கும் பிஸ்கட்டால் கட்டி, மிட்டாய் ஒட்டும் குட்டி வீடு) செய்யப் போகிறார்கள். அந்த ஏற்பாட்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு அதில் ரொம்ப ஆசை. ஆனால் இதுவரை ஒரு வீடுகூடக் கட்டியதில்லை.

நிலவரம் இதுதான். 22 குழந்தைகள், ஒரு மணி நேரம். வகுப்பறையில் ஓவன், அடுப்பு எதுவும் கிடையாது. கடையில் விற்கும் கிட் 22 வாங்கினால் கட்டுப்படியாகாது. கொட்டை வகை எதுவும் கூடாது என்பது பள்ளி விதி. ஒரு குழந்தைக்கு முட்டை ஒவ்வாமை. நாங்களும் முட்டை சேர்ப்பதில்லை. மற்றப் பிள்ளைகள் கூரையைப் பிய்த்துத் தின்னும்போது என் பையன் மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

கிரஹாம் கிராக்கரை (தகடு தகடாக வரும் கோதுமை பிஸ்கட்) வைத்துச் சுடாமலே கட்டலாம் என்கிறார்கள். சுவர் நிற்குமா? எதை வைத்து ஒட்டுவது? மிட்டாயில் நம் வீட்டுப் பிள்ளைகள் எதைச் சாப்பிடலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்பனி (மினசோட்டா):

தைரியமாகச் செய்யுங்கள் மரிக்கொழுந்து. நான் இங்கே ஒரு பள்ளியில் கிண்டர்கார்டன் வகுப்பில் உதவி ஆசிரியை. டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் வகுப்புக்கு இதுதான் திருவிழா. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கட்டுவது உங்கள் வேலை, அது முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். அலங்கரிப்பது மட்டும்தான் குழந்தைகள் வேலை. ஒரு மணி நேரத்துக்குள் சுவரும் எழுப்பி, கூரையும் போட்டு, மிட்டாயும் ஒட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஐசிங் (ஒட்டப் பயன்படும் சர்க்கரைக் குழம்பு) காய்வதற்குள் மிட்டாயின் பாரம் கூரையில் ஏறினால் கூரை சரியும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த நிமிஷம் பெரிய துக்கம். அதைப் பார்க்க நமக்கும் மனசு வராது.

சுவர் நிற்பதற்கு வழி, உள்ளே ஒரு பெட்டி. பள்ளி கேண்டீனில் குழந்தைகளுக்குத் தரும் அரை பைன்ட் பால் பெட்டி இருக்கிறதல்லவா, அதுதான் அளவு. அடி ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் சதுரம், மேலே கூரைச் சரிவும் அதிலேயே அமைந்திருக்கும். கிரஹாம் கிராக்கர் முழுத்தகடு இரண்டரைக்கு ஐந்து அங்குலம். நடுக்கோட்டில் உடைத்தால் இரண்டு சதுரம். நாலு சதுரம் சுவருக்கு, இரண்டு சதுரம் கூரைக்கு. ஆக, வீட்டுக்கு மூன்று தகடு. 22 வீட்டுக்கு 66 தகடு. பெரிய பெட்டியில் ஏறக்குறைய 27 தகடு வரும், மூன்று பெட்டி வாங்கினால் உடைசலுக்கும் போதும், உங்கள் வீட்டுக் குட்டிகள் கொறிக்கவும் போதும்.

பால் பெட்டிகளை இப்போதே சேர்க்கச் சொல்லி ஆசிரியையிடம் சொல்லிவையுங்கள். ஒரே நாள் மதியச் சாப்பாட்டில் 22 பெட்டி கிடைத்துவிடும். வாயை முழுவதும் திறந்து, சோப்பு போட்டுக் கழுவி, கொஞ்சம் வினிகர் ஊற்றி அலசி, கவிழ்த்து வைத்து ஒரு ராத்திரி காயவிடுங்கள். இதில் அவசரப்பட்டால் வீடு மேசையில் இருக்கும் நாளெல்லாம் புளித்த பால் வாடை வரும். காய்ந்ததும் மேல்வாயைப் பழையபடி மடித்து ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையை ஒரு பக்கமாக மடக்கி டேப் ஒட்டினால் கூரை தட்டையாக உட்காரும்.

உள்ளே அட்டைப்பெட்டி வைப்பது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். வட கரோலினாவில் ஆஷ்வில் என்ற ஊரில் 1992 முதல் ஜிஞ்சர்பிரெட் வீட்டுப் போட்டி நடக்கிறது. அங்கே எல்லாமே தின்னக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. அது கலைஞர்கள் மாதக்கணக்கில் உழைக்கும் இடம். முதல் வகுப்புக்கு அந்த விதி வேண்டாம்.

அப்புறம், "ஜிஞ்சர்பிரெட்டே இல்லாமல் என்ன ஜிஞ்சர்பிரெட் வீடு?" என்றும் யாராவது கேட்பார்கள். 1812-இல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட 'ஹான்சலும் கிரெட்டலும்' கதையில் காட்டுக்குள் அந்தப் பிள்ளைகள் பார்க்கும் வீடு ரொட்டியால் கட்டியது. கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. ஆகவே பிஸ்கட்டில் கட்டுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இனி பசை. ஊரெல்லாம் பயன்படுத்துவது ராயல் ஐசிங். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் பவுடர் சுகர், 3 மேசைக்கரண்டி மெரிங் பவுடர், 5 முதல் 6 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். எலக்ட்ரிக் பீட்டரில் ஏழிலிருந்து பத்து நிமிஷம் அடித்தால் வெள்ளை வெளேரென்று கெட்டியாக வரும். சிமெண்ட் தோற்றுப்போகும். ஆனால் மெரிங் பவுடர் என்பது முட்டை வெள்ளைக்கருவை உலர்த்தியது. உங்களுக்கு அது ஆகாது.

உங்களுக்கு நான் சொல்வது, கட்டுவதற்கு வெள்ளைச் சாக்லேட். 'கேண்டி மெல்ட்ஸ்' என்று பையில் வில்லை வில்லையாகக் கிடைக்கும், கொட்டை, முட்டை எச்சரிக்கை லேபிளில் இல்லையென்றால் அதுவும் சரி. மைக்ரோவேவில் பாதி சக்தியில் 30 விநாடி, வெளியே எடுத்துக் கிளறல், மறுபடி 30 விநாடி என்று உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திரிந்து கட்டியாகிவிடும். அதனால் கிண்ணமும் கரண்டியும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். உருகியதை ஜிப்லாக் பையில் ஊற்றி, முனையைச் சின்னதாக வெட்டி, பெட்டியின் ஒரு பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். கிராக்கரை வைத்து அழுத்தி, இருபது எண்ணும்வரை கையை எடுக்காதீர்கள். பிடித்துக்கொள்ளும். நாலு சுவரும் வைத்த பிறகு மூலைகளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தால் இடுக்கும் மறையும், பலமும் கூடும். கூரையைக் கடைசியில் வையுங்கள். முன்னும் பின்னும் முக்கோணமாக ஓர் இடைவெளி தெரியும். அதை அப்படியே விடுங்கள், குழந்தைகள் அதை மிட்டாயால் நிரப்புவதுதான் வீட்டின் அழகு.

எல்லாவற்றுக்கும் முன்னால், பெட்டியின் அடியில் சாக்லேட் தடவி ஒரு கெட்டியான காகிதத் தட்டில் ஒட்டிவிடுங்கள். தட்டில் குழந்தையின் பெயரை எழுதிவையுங்கள். அந்தத் தட்டே பிறகு முற்றம், தோட்டம், பனி பெய்த தெரு எல்லாம்.

வகுப்பில் அலங்கரிக்க வேறு பசை. கடையில் டப்பாவில் வரும் வெனிலா ஃப்ராஸ்டிங் (கேக் மேல் பூசும் கிரீம்) பெரும்பாலானவற்றில் முட்டை இருக்காது, இருந்தாலும் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். அது அப்படியே இருந்தால் மிட்டாய் வழுக்கிக்கொண்டு வரும். பவுடர் சுகர் சேர்த்துக் கிளறிக் கெட்டியாக்குங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். அதைச் சுவர் ஒட்ட மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது மேலே லேசாகக் காயுமே தவிர உள்ளே இறுகாது.

முட்டையில்லாத ராயல் ஐசிங்கே வேண்டும் என்றால் அதற்கும் வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. டின்னில் வரும் கொண்டைக்கடலையை வடிகட்டிக் கீழே கொட்டுகிறோமே, அந்தத் தண்ணீர். உப்புச் சேர்க்காத டின்னாகப் பார்த்து வாங்குங்கள். 6 மேசைக்கரண்டி எடுத்து, அரைத் தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்டார் (பேக்கிங்கில் சேர்க்கும் புளிப்புப் பொடி) சேர்த்து நுரை பொங்க அடித்து, ஒரு பவுண்டு பவுடர் சுகரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடியுங்கள். கடலை வாசனை வராது. காய மட்டும் கூட நேரம் எடுக்கும், ஒரு முழு நாள் விடுங்கள். முட்டை ஐசிங்கானாலும் இதுவானாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஆகவே ஆகாது. பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம். ஸ்டீல் பாத்திரத்தை எலுமிச்சைத் தோலால் ஒரு துடை துடைத்துவிட்டு அடியுங்கள். ஈரத்துணி போட்டு மூடி வைக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் மேலே ஏடு கட்டிவிடும்.

மிட்டாய் விஷயத்துக்கு வருகிறேன். மார்ஷ்மெல்லோ, கம்மி பேர் இரண்டிலும் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோவும் கிடைக்கிறது, பையிலேயே எழுதியிருக்கும். ஜெல்லி பீன், கேண்டி கார்ன் மேலே பளபளவென்று இருப்பதற்குப் பூசுவது அரக்குப்பூச்சியிலிருந்து வரும் ஷெல்லாக். 'கன்ஃபெக்ஷனர்ஸ் கிளேஸ்' என்று போட்டிருப்பார்கள். சில சிவப்பு மிட்டாய்களில் கார்மைன், அதுவும் பூச்சியிலிருந்துதான். இதெல்லாம் பார்க்காத வீடுகள் உண்டு, பார்க்கும் வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளையும் எதையும் யோசிக்காமல் கை வைக்கட்டும் என்றுதான் நான் முதலிலேயே படித்துப் பார்த்து வாங்குகிறேன். கேண்டி கேன், சிவப்பு வெள்ளைப் புதினா வில்லை, குச்சி பிரெட்சல், கார்ன்ஃப்ளேக்ஸ், இவை பெரும்பாலும் தொந்தரவில்லை. கம்டிராப்பில் (சர்க்கரை தூவிய மெல்லும் மிட்டாய்) ஜெலட்டின் இல்லாத வகைகள் நிறைய உண்டு. சின்ன ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்துப் பச்சை ஃப்ராஸ்டிங் தடவினால் கிறிஸ்துமஸ் மரம். எம் அண்ட் எம் சாதாரண வகையிலும் நிலக்கடலை கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இருக்கும், உங்கள் பள்ளி விதிக்கு அது ஒத்துவராது.

கடைசியாக ஒன்று: வீட்டில் செய்ததை வகுப்புக்குக் கொண்டுவரலாமா, கடையில் மூடி முத்திரையிட்டதுதான் வேண்டுமா என்று ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தையின் அம்மாவிடமும் வாங்கப்போகும் பொருள்களின் பெயர்களை அனுப்பிவிடுங்கள். அவர் நிம்மதியாக இருப்பார்.

தேக்கா வாசி (சிங்கப்பூர்):

வெண்பனி அக்கா சொன்னதெல்லாம் அருமை. இங்கே எங்கள் ஊர்க் காற்றுக்கு ஏற்றபடி சில மாற்றங்கள் சொல்கிறேன், சென்னையில் செய்பவர்களுக்கும் உதவும்.

கிரஹாம் கிராக்கர் இங்கே தேடிப் பிடிக்க வேண்டும், விலையும் அதிகம். நாங்கள் நைஸ் பிஸ்கட் வாங்குகிறோம். நீள்சதுரமாக, மேலே சர்க்கரை தூவி வரும் தேங்காய் பிஸ்கட். கூரையில் போட்டால் அந்தச் சர்க்கரையே பனி விழுந்த தோற்றம் தந்துவிடுகிறது. சுவைக்கு என்றால் லோட்டஸ் பிஸ்காஃப். பட்டை வாசனையோடு இருக்கும், ஜிஞ்சர்பிரெட்டுக்குக் கிட்டத்தில் வரும் பிஸ்கட் அதுதான், முட்டையும் பாலும் இல்லை. ஆனால் மெல்லியது. சுவருக்கு நைஸ், கதவுக்கும் வேலிக்கும் பிஸ்காஃப் என்று வைத்துக்கொண்டால் நன்றாக வரும்.

ஈரக்காற்றில் பெரிய எதிரி கேண்டி கேனும் புதினா வில்லையும்தான். உறையைப் பிரித்து வைத்த மறுநாளே வேர்த்துப் பிசுபிசுக்கும், சிவப்புச் சாயம் வெள்ளை ஐசிங்கில் இறங்கிக் கோடு கோடாக வடியும். அவற்றைக் கடைசியில் வையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். ஓடு போட்ட சாக்லேட் மிட்டாய் தாக்குப்பிடிக்கும். ஏர்கான் அறையில் கட்டி அங்கேயே காயவையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். வெளியே எடுத்ததும் நீர் கோத்து பிஸ்கட் நமுத்துவிடும்.

மரிக்கொழுந்து (நியூஜெர்சி):

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. படிக்கப் படிக்கத் தெம்பு வந்துவிட்டது. ஆசிரியையிடம் பால் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். வெள்ளைச் சாக்லேட்டில் வீட்டிலேயே கட்டிக்கொண்டு வரச் சம்மதித்துவிட்டார், பொருள்களின் லேபிளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

இன்னும் இரண்டு சந்தேகம். சர்க்கரையைக் காய்ச்சி ஒட்டினால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும் என்று ஒரு தோழி சொல்கிறார், அது எப்படி? வகுப்பில் 22 பேருக்கும் மிட்டாயை எப்படிப் பங்கு போடுவது?

வடகடல் (பெர்கன், நோர்வே):

சீனி காய்ச்சி ஒட்டுவது பற்றி நான் சொல்கிறேன். இங்கே நோர்வேயில் பல வீடுகளில் அப்படித்தான் செய்வார்கள். தட்டையான சட்டியில் சீனியை மட்டும் போட்டு மெல்லிய நெருப்பில் உருக்க, அது பொன்னிறமாக வரும். விசுக்கோத்தின் விளிம்பை அதில் தோய்த்து உடனே மற்றதோடு சேர்த்துப் பிடித்தால் சில விநாடியில் கல்லாக இறுகிவிடும். வேகத்துக்கு அதை வெல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சீனி 160 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் இருக்கும். விரலில் ஒரு துளி பட்டால் ஒட்டிக்கொண்டு எரிக்கும், உதறினாலும் போகாது. பெரியவர்கள் மட்டும், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அருகில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. 22 வீட்டுக்கு என்றால் தங்கச்சி, அக்கா சொன்ன சாக்லேட்டே உங்களுக்கு நல்லது. சீனி சட்டியில் கருகிக்கொண்டே போகும், நீங்கள் அவசரப்பட வேண்டிவரும்.

எங்கள் நகரத்தைப் பற்றியும் சொல்ல ஆசையாக இருக்கிறது. பெர்கனில் 1991 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் ஜிஞ்சர்பிரெட் வீடுகளாலேயே ஒரு நகரத்தை அடுக்கி வைப்பார்கள். மலை, ரயில், கப்பல், தேவாலயம் எல்லாம் இருக்கும். பெரிய பேக்கரிகள் செய்தவையும் உண்டு. ஆனால் அதிகமானவை பாலர் பாடசாலைப் பிள்ளைகள், பாடசாலை மாணவர், குடும்பங்கள் கொண்டுவந்து வைப்பவை. எங்கள் பிள்ளைகளும் பாலர் பாடசாலையோடு சேர்ந்து செய்து வைத்திருக்கிறார்கள். கோணலாக நிற்கிற வீடு, கூரை முழுக்க ஒரே நிறத்து மிட்டாய் ஒட்டின வீடு, கதவே இல்லாத வீடு, எல்லாம் அங்கே தெருவில் இடம் பிடிக்கும். ஒருவரும் எடுத்துத் திருத்தமாட்டார்கள்.

2009 நவம்பரில் யாரோ இரவில் உள்ளே புகுந்து அந்த நகரத்தை உடைத்துப் போட்டார்கள். பிள்ளைகள் அழுதார்கள். பிறகு ஊர்ச்சனம் முழுக்க மறுபடி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து, நகரம் திரும்ப எழும்பியது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வகுப்பிலும் பிள்ளை கோணலாக ஒட்டினால் விடுங்கள். பெரியவர்கள் கை வைத்து நேராக்கினால், அது பிள்ளையின் வீடாக இராது.

வெண்பனி (மினசோட்டா):

வடகடல், அந்தக் கடைசி வரிக்கு என் இரண்டு கையும் தூக்குகிறேன். எங்கள் வகுப்பில் ஒரு குட்டிப்பெண் கூரையின் ஒரே ஓரத்தில் மட்டும் கம்டிராப்பை அடுக்கிக்கொண்டே போனாள். மறுபக்கம் மொட்டையாக இருக்கிறதே என்று உதவிக்கு வந்த ஒரு பெரியவர் கேட்டார். "அந்தப் பக்கம் வெயில், பனி உருகிவிட்டது" என்றாள். பெரியவர் வாயடைத்துப் போனார். மினசோட்டாப் பிள்ளைக்குத் தெரியும், தெற்குப் பக்கக் கூரையில் பனி முதலில் உருகும் என்று.

மிட்டாய்ப் பங்கு பற்றி. நடுமேசையில் கிண்ணம் கிண்ணமாக வைக்காதீர்கள். முதல் பத்து நிமிஷத்தில் சிவப்பு கம்டிராப் தீர்ந்துபோகும், தும்மலும் இருமலும் எல்லாக் கிண்ணத்திலும் விழும். 12 குழி மஃபின் தகட்டுக்குப் போடும் காகிதக் கிண்ணம் வாங்குங்கள். ஒரு குழந்தைக்கு நாலு கிண்ணம்: ஒன்றில் கம்டிராப், ஒன்றில் புதினா வில்லை, ஒன்றில் பிரெட்சலும் கார்ன்ஃப்ளேக்ஸும், நாலாவது தின்பதற்கு மட்டும். அந்த நாலாவதுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதெல்லாம் வாய்க்குள் போய்விடும். ஃப்ராஸ்டிங்கை ஆளுக்கு அரை கப் என்று சின்ன ஜிப்லாக் பையில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஜிப்பை மட்டும் நம்பினால் பின்பக்கமாகப் பிதுங்கிச் சட்டையில் இறங்கும். முனையை நீங்களே வெட்டுங்கள், பென்சில் முனை அளவுக்கு மேல் வேண்டாம்.

கூரையில் மிட்டாய் ஒட்டக் கீழ் விளிம்பிலிருந்து மேலே போகச் சொல்லுங்கள். கீழ் வரிசை மேல் வரிசையைத் தாங்கிக்கொள்ளும். கார்ன்ஃப்ளேக்ஸை ஓடு வேய்வதற்கும் அதே முறைதான். ஃப்ராஸ்டிங்கை மிட்டாயின் முதுகில் வைக்க வேண்டும், சுவரெல்லாம் பூசிவிட்டால் மிட்டாய் ஒட்டுவதற்குள் மேலே காய்ந்துவிடும். இதை ஒருமுறை செய்து காட்டினால் போதும், குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள்.

உதவிக்கு நாலு பெற்றோரையாவது கூப்பிடுங்கள், மேசைக்கு ஒருவர். ஈரத்துணி நிறைய வேண்டும். மேசை மேல் பழைய நாளிதழ் வேண்டாம், மை மிட்டாயில் ஒட்டும். ஒரு டாலர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் விரிப்பு போதும். கடைசிப் பத்து நிமிஷத்தில் சல்லடையில் பவுடர் சுகரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய்த் தூவுங்கள். அதைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிட வேண்டாம், அறை முழுக்கப் பனி பெய்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுபோக: தட்டோடு அப்படியே ஒரு பெரிய காகிதப் பைக்குள் இறக்கி, பை வாயைத் திறந்தே விடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஃப்ராஸ்டிங் உள்ளே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பள்ளிப் பேருந்தில் போகும் பிள்ளைகள் யார் யார் என்று முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்கு மட்டும் அட்டைப்பெட்டி வைத்திருங்கள். பையோடு ஒரு சின்னச் சீட்டும் அனுப்புங்கள்: என்னென்ன பொருள் சேர்ந்திருக்கிறது, சாப்பிடுவதானால் இரண்டு மூன்று நாளுக்குள் சாப்பிட வேண்டும், உள்ளே இருப்பது பால் பெட்டி, ஸ்டேப்ளர் பின் இருக்கிறது என்று. அந்தப் பின் விஷயத்தைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.